இம்பிளான்ட் வைக்கும் முன்: அந்தப் பல் ஏன் போனது?

பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பல் ஏன் போனது? கீழே விழுந்து உடைந்ததா, சொத்தை முற்றியதா, ஈறு நோயில் ஆடி விழுந்ததா, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து வேர் பிளந்ததா? அதற்கான பதிலில்தான் இம்பிளான்ட் உங்களுக்கு நிலைக்குமா என்பதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் கேப், அதாவது பல் வடிவ உறை. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளர்வதை 1952-இல் முயல் எலும்பில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது கவனித்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு அவர் வைத்தார். இந்த ஒட்டுதல்தான் இம்பிளான்டின் பலம். பலவீனமும் அதிலிருந்தே வருகிறது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. வண்டியின் ஷாக் அப்சார்பர் போல அது கடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், அழுத்தம் அதிகமானால் மூளைக்கும் சொல்லும். இம்பிளான்டுக்கு அது கிடையாது.

டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் ஈறு நோய் வரும். பல்லைச் சுற்றியுள்ள ஈற்று இழைகள் வேருக்குள் செங்குத்தாகப் புகுந்து பிடித்திருக்கும். இம்பிளான்டைச் சுற்றியோ அவை பக்கவாட்டில் ஒட்டி நிற்கும், உள்ளே புகாது. கிருமிக்கு அங்கே தடை குறைவு. அழற்சி எலும்புக்கு இறங்கினால் வேகமாக அரிக்கும், வலியும் பெரிதாக இருக்காது. அதனால் பற்கள் ஆடி விழுந்தவர்கள், ஈறு நோயை அடக்காமல் இம்பிளான்டுக்குப் போவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். முதலில் ஸ்கேலிங் (பற்காரையைச் சுரண்டி எடுப்பது), தேவைப்பட்டால் வேர்வரை ஆழமான சுத்தம். பிறகு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் கழித்து ஈற்றுப் பைகளின் (ஈறு பல்லை விட்டு விலகிய இடைவெளிகளின்) ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் பைகள் மிச்சமிருந்து, தொட்டால் ரத்தமும் கசிந்தால் இன்னும் நேரம் வரவில்லை. 'எப்படியும் எல்லாப் பல்லும் போகப்போகிறது, இம்பிளான்ட் வைத்துவிட்டால் தொல்லை தீரும்' என்ற எண்ணம் ஆபத்தானது. பல்லைத் தின்ற அதே கிருமிகள் அதே வாயில்தான் இருக்கின்றன.

பல் கடிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. திருகு தளரும், கேப்பின் பீங்கான் சில்லு சில்லாகப் பெயரும், அரிதாக இம்பிளான்டே உடையும். வைக்கவே கூடாது என்றில்லை. இரவில் பற்களைக் காக்கும் நைட் கார்டு என்ற உறையைப் போடச் சம்மதிக்காதவர் மட்டும் தவிர்ப்பது நல்லது.

அடுத்து உடல்நிலை. சர்க்கரை இருந்தாலே இம்பிளான்ட் முடியாது என்பது தவறான பயம். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7 சதவீதத்துக்குள் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுவதுதான் பொதுவான வழக்கம், புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் மந்தமாகும். புகைப்பவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஊரில் இதோடு பாக்கு, மாவா, குட்காவையும் சேர்க்க வேண்டும். வருடக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பது குறைந்துபோகும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், கடைவாயில் துளைக்கும் கருவியையே நேராகப் பிடிக்க முடியாது. முதலில் அதற்குச் சிகிச்சை.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ, சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் இவற்றில் உண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டவர்களுக்கு அது மிக அதிகம். அதற்காக டெனோசுமாபை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து வரும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்கும் இதே விதிதான்: இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்பிளான்ட் வேண்டாம். பக்கத்துப் பற்கள் வளர்ந்து இறங்கும், இம்பிளான்ட் நின்ற இடத்திலேயே நிற்கும்.

எலும்பு போதுமா என்பதைச் சாதாரண எக்ஸ்ரே சொல்லாது. அதில் உயரம் தெரியும், அகலம் தெரியாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும். 4 மி.மீ. விட்டமுள்ள இம்பிளான்டுக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. எலும்பு விட்டால் 7 மி.மீ. அகலம் வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து ஒன்றரை மி.மீ., இரண்டு இம்பிளான்டுகளுக்கு இடையே 3 மி.மீ., கீழ்த்தாடை நரம்புக்கு மேலே 2 மி.மீ. இடைவெளி. இந்த அளவுகளை உங்கள் ஸ்கேனில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். பல் எடுத்த ஒரு வருடத்துக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதிவரை சுருங்கலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. ஆகவே பல்லை எடுக்கும்போதே அடுத்து என்ன என்று பேசிவிடுவது நல்லது. மேல் கடைவாயில் சைனஸ் என்ற காற்றறை கீழிறங்கி எலும்பு மெலிந்திருந்தால், அதன் அடிச்சவ்வை உயர்த்தும் சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத்தூள் வைக்க வேண்டிவரும். செலவு கூடும், காத்திருப்பு ஆறு மாதம்வரை நீளும்.

எல்லாம் பொருந்தினாலும் இம்பிளான்ட்தான் சிறந்தது என்றாகிவிடாது. இருபக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே ரூட் கேனல் செய்து கேப் தேவைப்பட்டால், அவற்றையே தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜே போதும், சில வாரத்தில் வேலை முடியும். அவை சொத்தையில்லாத முழுப் பற்களாக இருந்தால் அவற்றை ராவிப் பிரிட்ஜ் போடுவது வீண் சேதம், அங்கே இம்பிளான்ட் மேல். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் போயிருந்து, மெல்லுவதில் குறையும் தெரியவில்லை என்றால் சும்மா விடுவதும் முறையான முடிவுதான். பற்களே இல்லாத கீழ்த்தாடையில் பல் செட் நிற்காமல் அவதிப்படுபவர்களுக்கு எட்டு இம்பிளான்ட் தேவையில்லை. முன்பக்கம் இரண்டு வைத்து அதன்மேல் கழற்றி மாட்டும் செட் பொருத்துவதையே முதல் தேர்வாகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-இல் பரிந்துரைத்தார்கள். இது நம் மக்களிடம் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

வைக்கும் வேலை மரத்துப்போகும் ஊசியில் நடக்கும். ஒரு இம்பிளான்டுக்கு ஒரு மணி நேரம் போதும். துளைக்கும்போது உப்புநீர் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும், எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும். திருகு 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவு இறுகிப் பிடித்தால்தான் உடனடிப் பல் பற்றிப் பேசலாம். இல்லாவிட்டால் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம், மேல்தாடையில் மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 'மூன்றே நாளில் பல்' விளம்பரங்கள் சிலருக்குத்தான் பொருந்தும். முதல் சில வாரங்களில் இம்பிளான்ட் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும், பிறகு எடுத்துவிடத்தான் வேண்டும்.

சொல்லும் தொகையில் ஸ்கேன், அபட்மென்ட், கேப், எலும்புத்தூள் எல்லாம் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். திருகுக்கு மட்டும் விலை சொல்வது சகஜம். கேப்பை சிமென்ட் வைத்து ஒட்டாமல் திருகி மாட்ட முடியுமா என்றும் கேளுங்கள். ஈற்றுக்குள் தங்கும் சிமென்ட் துணுக்கு எலும்பு அரிப்புக்கு ஒரு முக்கியக் காரணம், தவிர திருகினதைப் பழுதானால் கழற்றலாம். நிறுவனம், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துத் திருகு தளர்ந்தால், அது ஸ்ட்ராமன் நிறுவனத்துடையதா ஆஸ்டெம் நிறுவனத்துடையதா என்று தெரியாமல் சரியான ஸ்க்ரூ டிரைவரைத் தேடி அலைய நேரும்.

பின்னால் தினமும் இடைப்பல் பிரஷ், கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், ஈறு நோய் இருந்தவர்களுக்கு மூன்று மாதம். வருடம் ஒரு எக்ஸ்ரே. தேய்க்கும்போது ரத்தம், சீழ், கேப் லேசாக ஆடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். கீழ்த்தாடையில் வைத்த அன்று, ஊசியின் மரமரப்பு விட்டுப்போக வேண்டிய நேரம் தாண்டியும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் அன்றிரவே மருத்துவரை அழையுங்கள். இம்பிளான்ட் நரம்பை அழுத்துகிறது என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் உணர்ச்சி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.