ஒன்பது, எட்டு, ஏழு

டிசம்பர் 10, புதன்

போக்கர் போட்டிக்காக பணஜி வந்து சேர்ந்தாயிற்று. அறை ஜன்னலில் மாண்டோவி ஆறு, அதில் விளக்குப் போட்ட கப்பல்கள். அக்காவுக்கு இன்னும் பதில் போடவில்லை.

டிசம்பர் 11, வியாழன், இரவு 2 மணி

முதல் நாளைத் தாண்டிவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. ஒரே ஒரு கைதான், ஒரு சுற்று ஆட்டம்தான், மண்டைக்குள் ஓடுகிறது.

சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 1,000–2,000, அதோடு மேசைக்கான கட்டாயத் தொகை ஆன்ட்டி 2,000. சிப்ஸில் என்னிடம் 96,000. ஐந்து மணி நேரம் குப்பைச் சீட்டாகவே பார்த்துவிட்டு, ஓரத்தைத் தூக்கினால் இஸ்பேட் ராஜா. அடுத்தது டைமன் ராஜா. 4,500க்கு ஏற்றினேன். பட்டனில், கடைசியாக ஆடும் இடத்தில், இருந்த ஹைதராபாத் பெரியவர் அதே தொகையைப் போட்டு கால் செய்தார், பிக் பிளைண்டும் (2,000 போட்டவர்) வந்தார். நடுவில் 16,500.

ஃப்ளாப், எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு: ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் ஏழு.

என்னிடம் ஆட்டின் ஒன்றுகூட இல்லை. பிக் பிளைண்ட் செக், எதுவும் போடவில்லை. 8,000 போட்டேன். பெரியவர் அதை 26,000 ஆக்கினார். சிப்ஸைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிக் பிளைண்ட் சீட்டைத் தூக்கிப் போட்டார்.

இன்னும் 18,000 போட்டால் டர்ன், நான்காவது பொதுச் சீட்டு, பார்க்கலாம். ஆனால் அதோடு விடமாட்டார். நடுவில் 68,500 கிடக்கும், என்னிடம் 65,500 இருக்கும், அடுத்த சீட்டில் எல்லாவற்றையும் கேட்பார். எண்ணினேன். மூன்று ஒன்பது, மூன்று எட்டு, மூன்று ஏழு: ஒன்பது வகையில் அவரிடம் செட் (ஒரே எண்ணில் மூன்று) இருக்கலாம். வரிசை சேர்ந்துவிட்ட ஜாக்–பத்து பதினாறு வகை. எல்லாவற்றையும் அவர் ஆடமாட்டார் என்றாலும் இரண்டும் ஒரே ஜாதிச் சீட்டாக வரும் நான்கையும் நிச்சயம் ஆடுவார். ஒரே ஜாதியில் இரட்டை ஜோடி இன்னும் ஏழு. சரி, டிரா, இன்னும் சேராத கை, என்றே வைத்துக்கொள்வோம். வெறும் ஆட்டின் டிரா என்றால் அவருக்கு 35 சதவீதம், நான் மேலே. ஆட்டின் ஏஸ்–ஐந்து என்றால்? ஆட்டின் சீட்டு ஒன்பது, ஏஸ் மூன்று, ஆறு மூன்று: பதினைந்து சீட்டு அவருக்கு உதவும். இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு நான் பின்னால் நிற்கிறேன்.

ஃபோல்ட் பண்ணினேன், சீட்டை மடித்துவிட்டேன். பெரியவர் சீட்டைக் காட்டவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி, காலை

ராஜா ஜோடிக்கு ஃப்ளாப்பில் ஏஸ் வருவது நூற்றுக்கு 22, 23 தடவை. எல்லோரும் அதைச் சொல்லித்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அதில் பயமில்லை. ஏஸ் வந்தால் ஒரே கேள்வி: அவனிடம் இருக்கிறதா, இல்லையா. ஒன்பது–எட்டு–ஏழில் கேள்வி பத்து. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு, அடுத்த சீட்டு விழுந்ததும் பத்தும் மாறிவிடும்.

பயந்து மடித்தேனா, கணக்குப் போட்டு மடித்தேனா? கணக்கு முடிவதற்கு முன்பே விரல் சீட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டதாக ஒரு ஞாபகம்.

வெள்ளி, இரவு

2010 போக்கர் உலகத் தொடரின் மெயின் ஈவென்ட் கையை வீடியோவில் மறுபடி பார்த்தேன். லாஸ் வேகாஸ், ரியோ ஹோட்டல். 7,319 பேரில் 15 பேர் மிச்சம். மேட் ஆஃப்லெக்கிடம் ஏஸ் ஜோடி, ஜொனாதன் டுஹமேலிடம் ஜாக் ஜோடி. ஃப்ளாப்பில் பத்து–ஒன்பது–ஏழு. டர்னில் ராணி. ஆஃப்லெக் ஆல் இன், இருப்பதெல்லாம் உள்ளே. டுஹமேல் வெகுநேரம் யோசித்துவிட்டு கால் செய்கிறார். அவரைக் காப்பாற்றுவது எட்டு நான்கு, ராஜா நான்கு, ஜாக் இரண்டு: 44 சீட்டில் பத்து. ரிவரில், கடைசிச் சீட்டாக, எட்டு விழுகிறது.

ஆஃப்லெக் அழுதபடி வெளியே போகிறார். டுஹமேல் கடைசியில் பட்டமே வாங்கினார், 89 லட்சம் டாலருக்கு மேல்.

இந்தக் கையை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. எப்போதும் எட்டுக்காகத்தான் அழுகை வரும். இன்று ஃப்ளாப்பிலேயே நிறுத்திவிட்டேன். பத்து–ஒன்பது–ஏழு. அந்த மனிதர் தப்பே செய்யவில்லை. பணம் உள்ளே போனபோது 77 சதவீதம் அவர் பக்கம்.

நான் பணத்தை உள்ளே போகவிடவே இல்லை.

டிசம்பர் 13, சனி

அக்காவின் வாய்ஸ் மெசேஜ். "தம்பி, உம்முன்னு ஒரு வார்த்தை சொல்லிரு சாமி. அவங்களும் எத்தனை நாள் காத்திருப்பாங்க." பின்னால் அம்மா இருமுவது கேட்டது. இரண்டு முறை கேட்டேன்.

சனி, மதியம்

காலை டிபன் சாப்பிடும் இடத்தில் பெரியவர் இருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் படபடப்பு. ஆகஸ்டில் சட்டம் வந்து ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவது நின்றது பற்றி, பேரனுக்குப் பல் முளைப்பது பற்றி எல்லாம் பேசினார். கடைசியில் கேட்டேவிட்டேன். வியாழக்கிழமை, ஒன்பது–எட்டு–ஏழு, 26,000 ஆக்கினீர்களே, உங்களிடம் என்ன இருந்தது சார்?

முட்டையை உரித்துக்கொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது தெரிந்தது.

"எந்தக் கை?" என்றார்.

சனி, இரவு

மூன்று நாளாக நான் ஒருவன் மட்டும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு, மாலை 6:10, பிரேக்

34 பேர் மிச்சம். 31 பேருக்குப் பணம். என்னிடம் 29 பிக் பிளைண்ட் அளவுக்கு சிப்ஸ்.

பிரேக்குக்கு முந்தின கை. ராணி ஜோடி. மேசையிலேயே அதிக சிப்ஸ் வைத்திருந்தவன் கால் செய்தான், இளம் பையன். ஜாக்–பத்து–எட்டு, இரண்டு கிளாவர். வியாழக்கிழமை மாதிரியே வயிற்றில் ஏதோ இறங்கியது. இந்தத் தடவை பந்தயத்தை நான் ஆரம்பிக்கவில்லை. செக். அவனும் செக். டர்ன் டைமன் இரண்டு, நடுவில் கிடந்ததில் பாதி அளவு அவன் போட்டான், கால் செய்தேன். ரிவர் கிளாவர் நான்கு. இருவரும் செக். அவன் ஏஸ்–ஜாக் காட்டினான். சிப்ஸ் என் பக்கம் வந்தது. ஃப்ளாப்பில் அடித்திருந்தால் இன்னும் வந்திருக்கும். ஆனால் பணத்துக்கு மூன்று பேர் பாக்கி இருக்கும்போது தோற்கிற சிப்பின் விலை ஜெயிக்கிற சிப்பின் விலையைவிட அதிகம். சின்னதாக ஜெயித்ததில் வருத்தமில்லை. கை நடுங்கவும் இல்லை, எண்ணி முடித்த பிறகுதான் விரல் நகர்ந்தது.

அக்காவுக்கு "உம்" என்று அனுப்பிவிட்டேன்.

எல்லோரையும் உட்காரச் சொல்கிறார்கள். பெரியவரை என் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள், எனக்கு இடது பக்கம். முதல் கை எனக்கு பிக் பிளைண்ட்.