பெயர்கள் கீறிய தூண்

“அது வேறு, இது வேறு அம்மா.” இதுதான் நான் சொன்னது. தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஹார்பர்க் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஐந்து வார்த்தை தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஹாம்பர்க் பார்க்க வருகிற தமிழ்க் குழுக்களுக்குத் துறைமுகமும் நகரமன்றக் கட்டடமும் போதும். ஹார்பர்க்கை நானாகச் சேர்த்துக்கொண்டேன். என் பெருமைக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். யோகன் கெர்ட்ஸும் எஸ்தர் ஷாலேவ்-கெர்ட்ஸும் பாசிசத்துக்கு எதிராக 1986இல் அங்கே நிறுத்திய தூண், ஈயம் போர்த்தியது, 12 மீட்டர் உயரம். ஊரார் அதில் தங்கள் பெயரைக் கீறி, விழிப்பாக இருப்போம் என்று உறுதி தர வேண்டும். எட்டிய இடமெல்லாம் நிரம்பியதும் தூணைக் கொஞ்சம் மண்ணுக்குள் இறக்குவார்கள். இப்படி இறங்கி இறங்கி 1993 நவம்பரில் முழுதும் மறைந்தது. இப்போது கீழ்த்தளத்தில் இருக்கும் கண்ணாடி வழியாக ஒரு துண்டைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரு குழுவோடு வந்த அந்த அம்மா இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்த்தார். பெயர்களின் மேல் பெயர்கள், குறுக்கே வெட்டிய கோடுகள். சிலர் ஸ்வஸ்திகாவும் கீறினார்கள் என்றேன். “அழிக்கவில்லையா?” என்றார். இல்லை, ஊரின் மனதில் இருப்பது அதில் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்றேன். பிறகு வழக்கமான என் உரை: சின்னம் ஒன்று நின்றால் நினைக்கிற வேலையை அதன் தலையில் கட்டிவிட்டு நாம் போய்விடுவோம், அது மறைந்தால்தான் பொறுப்பு நம்மிடம் திரும்பி வரும்.

கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “கோப்பாயில் ஆமி எங்களுக்கு அதைத்தான் செய்து தந்தது, தம்பி.”

அதற்குத்தான் என் பதில்.

வேறுதானே? இங்கே செய்தவர்களே திட்டமிட்டு, ஊர் நிர்வாகத்தின் சம்மதத்தோடு இறக்கினார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் புலிப் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தை இலங்கைப் படையினர் இரண்டு முறை இடித்தார்கள். 2011இல் அதே நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? அதோடு, சொல்லவே தயக்கமாக இருக்கிறது, வரிசை வரிசையாக, ஒரே அளவில், மாவீரர் என்ற ஒரே சொல்லின் கீழ் அடுக்கிய கற்கள், கெர்ட்ஸ் சந்தேகப்பட்ட வகைச் சின்னம்தான். அந்த வீரத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதை ஒரு தாயிடம், ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்ல முடியாது.

ஆனால் அவர் வீரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விளக்கு ஏற்ற ஓர் இடம் இல்லை என்றார், அவ்வளவுதான். கல் இல்லாமலே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அப்படியானால் கெர்ட்ஸ் சொன்னது சரிதான் என்று ஓர் இரவு எனக்குத் தோன்றியது. உடனே கூசியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், 2009 போரின் முடிவில் இறந்தவர்களுக்காக நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. மறைந்தால் நினைவு கூடும் என்று அவர்களிடம் போய் உரையாற்றுவேனா?

திரும்பும் ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவில்லை. எல்ப ஆற்றுப் பாலம் வந்தபோது கேட்டார்: “அந்தத் தூணில் இருப்பதெல்லாம் உயிரோடு இருந்தவர்கள் தாங்களே எழுதிய பெயர்களா?”

“ஆமாம் அம்மா.”

“அப்போது இறக்கலாம்,” என்றார். “அவர்களுக்கு வீடு இருக்கும்.”