முகில் பார்க்கும் வேலை

மாலை ஆறரை மணிக்குப் பயணிகளை ஏற்றுவதாகத்தான் என்னுடைய வேலை நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது பகல் பன்னிரண்டு மணிக்கே, வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு கோப்பைத் தேநீரோடும் வானிலை வரைபடங்களோடும் தொடங்கிவிடும். டிசம்பர் மாதமென்றால் அந்த நேரத்தில் யன்னலுக்கு வெளியே மங்கலான நீல வெளிச்சம் மட்டும் இருக்கும்; நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை தொடுவானுக்கு மேலே வருவதில்லை. நோர்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்திலிருந்து இன்னும் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் மேலே இருக்கும் ட்ரொம்சோ நகரத்திலிருந்து, பன்னிரண்டு பேரைச் சிறிய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வடதுருவ ஒளியைத் தேடிப் போகும் ஓட்டுநரும் வழிகாட்டியும் நான். ஒளி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்காத பயணி இல்லை. முகில் எங்கே விலகும் என்று கேட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. என் வேலையோ இரண்டாவது கேள்வியிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

பயணிகள் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் தரவிறக்கிக்கொண்டு வருவார்கள். பூமியின் காந்தப் புலம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைச் சொல்லும் கே.பி. என்ற எண்ணை அது 0 முதல் 9 வரை காட்டும். "இன்றைக்கு 2 தானே, போய்ப் பயன் உண்டா?" என்று பஸ் ஏறும்போதே கேட்பார்கள். பூமியின் காந்த முனையைச் சுற்றி வளையம்போல் கிடக்கும் ஒளிப் பிரதேசத்துக்கு நேர் கீழேதான் ட்ரொம்சோ இருக்கிறது. இங்கே 1 அல்லது 2 போதும். அந்த எண்ணைவிட நான் நம்புவது, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் சூரியன் பக்கமாக நிற்கும் செய்மதிகள் அனுப்பும் அளவீடுகளைத்தான். சூரியனிலிருந்து பாயும் துணிக்கைகளான சூரியக் காற்றோடு வரும் காந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் பூமியின் கதவு திறந்ததுபோல. செக்கனுக்கு 400 கிலோமீற்றர் வேகத்தில் அது வந்துகொண்டிருந்தால் நமக்கு ஒரு மணித்தியாலம் அவகாசம் கிடைக்கும். பெரும்பாலும் அந்த ஒரு மணித்தியாலமும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன் என்பது வேறு விஷயம்.

முகிலுக்கு இப்படிச் செய்மதி அளவு ஒன்றும் போதாது. மலைகளைத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று முதலில் குவாலோயா தீவின் மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டும். மிச்சத்தை, 1,800 மீற்றருக்கு மேல் உயரும் லிங்கன் மலைத்தொடர் பறித்துக்கொள்ளும். அதற்கு அப்பால் இருக்கும் ஷிபொத்ன் பள்ளத்தாக்கு அதனால்தான் வறண்டு கிடக்கிறது. ட்ரொம்சோ பல்கலைக்கழகம் தன்னுடைய வானாய்வுக் கூடத்தை அங்கே வைத்திருப்பதும் அதனால்தான். ஷிபொத்னிலும் மூடியிருந்தால் எல்லையைத் தாண்டிப் பின்லாந்தின் கில்பிஸ்யார்விவரை போக வேண்டும். கடற்கரையில் மைனஸ் நான்கு பாகை இருக்கும் இரவில் அங்கே மைனஸ் இருபத்தைந்து இருக்கலாம். கடவுச்சீட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்த ஒருவருக்காக முழுக் குழுவும் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்ற இரவும் உண்டு. அதன் பிறகு கடவுச்சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பஸ்ஸை எடுப்பதில்லை.

சிறிய குழு என்பதன் நன்மை இந்த அலைச்சலில்தான் தெரியும். ஐம்பது பேர் ஏறிய பெரிய பஸ், பெரிய தரிப்பிடம் கண்ட இடத்தில்தான் நிற்க முடியும். நான் பனி அள்ளும் வண்டி திரும்புவதற்காக விட்டிருக்கும் ஒரு சிறு விளிம்பிலும் நிறுத்துவேன், வந்த வழியே திரும்பியும் போவேன். தீமையும் அதே அளவு. பன்னிரண்டு பேரில் ஒருவர் முகம் வாடினால் அது பின் இருக்கைவரை பரவிவிடும். இதற்கிடையில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வேறு. பின்னிரவு ஒன்றரை மணிக்கு, வானம் வெறுமையாக இருக்கும்போது, ஓட்டுநர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கான காரணத்தை விளக்குவது, காந்தப் புலத்தை விளக்குவதைவிடக் கடினமானது.

இந்த வேலையில் எனக்கு உறைத்த பாடம் முகிலைப் பற்றியது அல்ல, கண்ணைப் பற்றியது. 2019 பெப்ரவரி. சூரியனின் கொந்தளிப்பு ஏறி இறங்கும் பதினோராண்டுச் சுழற்சி அதன் அடிமட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம். அன்றைய குழுவில் லண்டனிலிருந்து மகனோடும் மருமகளோடும் வந்திருந்த, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். நான் தமிழன் என்று தெரிந்ததும் எனக்குப் பக்கத்து முன் இருக்கைக்கு மாறிவிட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

அப்பா அம்மா புங்குடுதீவு, நான் எட்டு வயதில் வந்து வளர்ந்தது நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் என்றேன்.

"அப்ப கொப்பர் மீன் பக்டரியோ?" என்று உடனே கேட்டார். எண்பதுகளில் நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்களில் கணிசமானோர் வடக்கின் மீன் ஆலைகளில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள் என்பது லண்டனில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது. ஆமென்றேன். இரவு வேலை முடிந்து வரும் வழியில் முதன்முதலாக இந்த ஒளியைக் கண்ட அப்பா, அதை ஆலைப் புகையென்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்ட கதையையும் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார். அந்தக் கதை அன்றிரவே என் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது.

பிரெய்விகைடெட் பக்கத்தில் வானம் திறந்திருந்தது. மைனஸ் பதினெட்டு. பத்து மணியளவில் வடக்கே, மலைக்கு மேலே, ஒரு வெளிறிய வளைவு கிழக்கு மேற்காக எழுந்தது. "அதோ!" என்று கத்தினேன். எல்லோரும் கைத்தொலைபேசியை உயர்த்தினார்கள். திரைகளில் பச்சை தெரிந்ததும் ஆரவாரம் செய்தார்கள். அந்த அம்மா மட்டும் திரையில்லாமல், கையுறைக் கைகளைக் கட்டிக்கொண்டு, நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது முகிலெல்லோ?"

"இல்லையம்மா. அதுக்குப் பின்னாலை நட்சத்திரம் தெரியுது பாருங்கோ. முகிலெண்டால் மறைச்சுப் போடும்."

மறுபடியும் பார்த்தார். "நீங்கள் சொன்னால் சரி தம்பி" என்றார். வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் காட்டிய மரியாதைகளில் என்னை மிகவும் சுட்டது அதுதான்.

கமராவை முக்காலியில் வைத்து, எட்டுச் செக்கன் அசையாமல் நிற்கச் சொல்லி, அவரைப் படம் எடுத்தேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் அவருடைய தலைக்குப் பின்னால் பச்சை வளைவு அம்மன் கோயில் தோரணம்போல் பளிச்சென்று விழுந்திருந்தது. மறுநாள் மற்றவர்களின் படங்களோடு அதையும் அனுப்பினேன். பதிலுக்குக் குரல் செய்தி ஒன்று வந்தது: "படம் வடிவாயிருக்குத் தம்பி. ஆனால் நான் இதைக் காணேல்லை." அதில் முறைப்பாட்டின் தொனியே இல்லை. எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஓர் உண்மையையும் கூடவே சொல்லி வைத்தார், அவ்வளவுதான். நான் அப்போது வேலை செய்த சிறு நிறுவனம் விளம்பரத்துக்கு அந்தப் படத்தைக் கேட்டது. நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதைப் பிழையென்று ஒருவரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரி. சூரியனிலிருந்து வரும் துணிக்கைகளால் உந்தப்பட்ட இலத்திரன்கள் 100 கிலோமீற்றருக்கு மேலே ஒட்சிசன் அணுக்களில் மோத, அவை வெளிவிடும் ஒளி பச்சை. 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பாக ஒளிரும். கீழ் விளிம்பில் நைதரசன் இளஞ்சிவப்பும் ஊதாவும் தரும். ஆனால் ஒளி மங்கலாக இருக்கும்போது நம் கண்ணில் வேலை செய்யும் கலங்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அவற்றுக்கு எல்லாமே சாம்பல். கமராவோ எட்டுச் செக்கன் நேரம் வந்த வெளிச்சத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. வயது போகப் போகக் கண்மணி இருட்டில் விரியும் அளவும் குறைந்துவிடும். ஆக அந்த அம்மா கண்டது சாம்பல் வளைவு. படத்தில் இருந்தது பச்சை வளைவு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றென்று விற்றுக்கொண்டிருந்தவன் நான். ஆலைப் புகையென்று நினைத்த அப்பா பார்த்ததும் அந்தச் சாம்பல்தானே என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த பருவத்திலிருந்து, பஸ் புறப்படுவதற்கு முன் இரண்டு படங்களைக் காட்டத் தொடங்கினேன். ஒன்று கமரா எடுத்தபடி. மற்றது, அதே படத்தில் நிறத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, சாதாரண இரவில் கண்ணுக்கு ஏறக்குறைய எப்படித் தெரியுமோ அப்படி நானே திருத்தியது. "இன்றைக்கு இரண்டாவது படம்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வாருங்கள்" என்பேன். ஒருவர் ஒரு தடவை இறங்கியே போய்விட்டார். "விற்ற சாமானை நீயே குறை சொல்கிறாயா?" என்று மேலாளர் கேட்டார். சாமானைக் குறை சொல்லவில்லை, அளவைச் சொல்கிறேன் என்றேன். அந்த வாக்குவாதத்தில் நான் வென்றேன் என்று சொல்ல முடியாது. சில மாதம் கழித்து வேறிடத்துக்கு மாறினேன்.

இன்னொரு பழக்கமும் வந்தது. நிறுத்தியவுடன் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, இருபது நிமிடம் எல்லாத் தொலைபேசிகளும் சட்டைப்பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பேன். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். ஒரு திரை வெளிச்சம் பட்டாலே பழகியது கெட்டுவிடும். என் தலையில் சிவப்பு விளக்கு மட்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் நோர்வேயின் பழைய 200 குரோனர் தாளில் முகம் இருந்த விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்லாண்டைப் பற்றிச் சொல்வேன். ஆல்டா அருகே ஹால்டே மலையுச்சியில் 1899இல் ஆய்வுக்கூடம் கட்டிக் குளிர்காலம் முழுவதும் குடியிருந்தவர். பிறகு காற்று நீக்கிய பெட்டிக்குள் காந்தக் கோளம் ஒன்றை வைத்து இந்த ஒளியைச் சின்ன அளவில் உண்டாக்கிக் காட்டியவர். சூடான சொக்கலேட் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்குத் தோதான கதை அது. கதை முடிவதற்குள் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை, "அந்த முகில் அசைகிறது" என்று சொல்லிவிடும்.

பலத்த இரவுகளில் இந்த ஆயத்தம் எதுவும் தேவைப்படாது. வளைவு திடீரென்று உடைந்து, திரைச்சீலைகளாகப் பிரிந்து, கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும்போது, எழுபது வயதுக் கண்ணுக்கும் நிறம் தெரியும். ஃபின்மார்க்கில் என்னோடு படித்த பிள்ளைகள், வெள்ளைத் துணியைக் காட்டினால் அது கீழே இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள். வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்கள் அதைப் பார்த்துச் சீழ்க்கையடிக்கக் கூடாது என்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. மேலே பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடக்கும் மனிதர்களின் கால்களுக்குக் கீழே பனிக்கட்டி இருக்கிறது, நாலடி தள்ளி நெடுஞ்சாலை இருக்கிறது. நான் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு.

2024 மே 10ஆம் திகதி, 2003க்குப் பிறகு வந்த மிகப் பலத்த காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயிலுள்ள வானாய்வுக் கூடத்துக் கமராவில்கூடச் சிவப்பு வளைவு பதிவானது. உலகமெங்கும் மக்கள் முற்றத்துக்கு ஓடி வந்த அந்த இரவில், வடதுருவ ஒளியின் தலைநகரம் என்று நாங்கள் விற்கும் ட்ரொம்சோவில் ஒன்றுமே தெரியவில்லை. மே மாதத்தில் சூரியன் நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் தொடுவானுக்குக் கீழே ஒளிந்துவிட்டு வந்துவிடும். வானம் இருள்வதே இல்லை. நான் களஞ்சிய அறையில், பருவம் முடிந்து கழுவிய குளிர் உடைகளை வரிசையாகக் கொழுவிக்கொண்டிருந்தேன். லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் உறவினர்கள் படம் படமாக அனுப்பி, "அங்கை எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு, ஐந்து வருடமாகப் பேச்சில்லாத ஓர் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. "தம்பி, ஞாபகமிருக்கோ? இண்டைக்குக் கண்டன். சிவப்பு. படம் எடுக்கேல்லை."

ஒரு கையில் சப்பாத்துச் சோடியோடு, எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள், வடக்கா என்று பதில் அனுப்பினேன்.

"வடக்கில்லை" என்று வந்தது. "தலைக்கு நேர மேலை. கழுத்து நோகுது."