பழைய ஹெட்ஃபோன், கொஞ்சம் ரேண்ட்: சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரின் அம்பிலோ பகுதியில், தானமாக வந்த பழைய பொருள் விற்கும் ஒரு தர்மக் கடை. துணிமணி, பீங்கான், பழைய புத்தகம் எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசி அலமாரியில் ஒயர் பெட்டி இருக்கும். இன்று அதன் அடியில் மஞ்சள் துகள்கள் சிந்திக் கிடந்தன. கையை விட்டு இழுத்தேன். சென்ஹைசர் எச்டி 414! சீட்டில் 90 ரேண்ட். பேரம் பேசவில்லை, அந்தப் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது.

1968இல் வந்த மாடல் இது. அதுவரை ஹெட்ஃபோன் என்றால் கனமாக இருக்கும், காதை இறுக்கி மூடும். முதுகுப் பக்கம் திறந்த ஹெட்ஃபோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது இதுதான். ஃபோம் காதின் மேல் லேசாக உட்காரும். வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டும் வெளியே கேட்கும். பஸ்ஸுக்கு ஆகாது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கேட்க எனக்கு இதுதான் வேண்டும்.

ஃபோம் தொட்டதுமே உதிர்ந்தது. அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல அரித்துவிடும், டர்பன் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். இதைப் பார்த்துப் பயந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மென்மையானது எல்லாம் கெடும்: ஃபோம், தோல், ஒயர். அவை எல்லாம் மாற்றக்கூடியவை. உள்ளே ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் உயிரோடு இருந்தால் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

414இல் ஒயரை இரண்டு பக்கமும் கழற்ற முடியும். மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மீட்டரை நேரே டிரைவர் முனையில் வைத்தேன். இரண்டு பக்கமும் 2,000 ஓமுக்குக் கொஞ்சம் குறைவாக, கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. நல்ல சகுனம். ஒரு பக்கம் எதுவுமே காட்டாவிட்டால் டிரைவருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அறுந்திருக்கும், அதற்கு மருந்து இல்லை.

பிளக் மட்டும் 'டின்' (DIN) என்ற பழைய ஜெர்மன் வகை. என்னிடம் உள்ள எதிலும் நுழையாது. வெட்டிவிட்டு 6.35 மில்லிமீட்டர் பிளக் வைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

இங்கே சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கிய கையோடு ரேடியோ ரிப்பேர் அங்கிள் வீட்டுக்குப் போனேன். கடையை மூடிப் பல வருஷம் ஆகியும் கராஜ் நிறைய பெட்டிகள். 414ஐக் காட்டினேன்.

"இதுக்குப் போனை நம்பாதே தம்பி. ரேடியோவும் ஆம்பும் சேர்ந்த பழைய ரிசீவர் வச்சிருக்கியா?"

"தாத்தாவோடது இருக்கு அங்கிள்."

"அப்போ இதையும் எடுத்துக்கோ," என்று மேலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். ஏகேஜி கே240, 1975இல் தொடங்கிய ஆஸ்திரியத் தயாரிப்பு, 600 ஓம். காதில் படும் மெத்தையான பேடைத் தூக்கிப் பார்த்தால் நடுவிலுள்ள டிரைவரைச் சுற்றி ஆறு சின்னச் சவ்வுகள். அவற்றுக்கு மின்சாரம் போகாது; நடு டிரைவர் தள்ளும் காற்றில் தாமே அசைந்து கீழ்ச்சுருதிக்குத் துணை நிற்கும். அதனால்தான் இதற்கு செக்ஸ்டெட் (அறுவர் குழு) என்று பெயர். 350 ரேண்ட் கேட்டார், கொடுத்தேன். சேகரிப்பவர்கள் கண்ணில் பட்டிருந்தால் இந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் 16, திங்கள்

இளைஞர் தின விடுமுறை. மாலையில் பற்றவைப்பு வேலை.

ஹெட்ஃபோன் ஒயர் சாதாரண ஒயர் மாதிரி இல்லை. தலைமுடியை விட மெல்லிய செப்பு இழைகள், நடுவே நூல், இழை மேல் அரக்குப் பூச்சு. அந்தப் பூச்சைச் சால்டரிங் அயன் சூட்டிலேயே எரித்து எடுத்தால்தான் ஈயம் ஒட்டும். சுரண்டினால் இழையே அறுந்துவிடும். பொறுமையாகச் செய்தேன்.

முடித்ததும் ஒரு சோதனை. மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும்படி, ஒரே ஒரு ஆள் பேசுவதைப் போட வேண்டும். குரல் நெற்றிக்கு நடுவில் நின்றால் சரி. இரண்டு காதுக்கும் சிதறி, அடித்தொண்டைக் கனமே இல்லாமல் கேட்டால் ஒரு பக்கம் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். குரல் நடுவில்தான் நின்றது.

கே240இன் இடப்பக்கத்தில் மிருதங்கத் தொப்பி விழும்போதெல்லாம் ஒரு கரகரப்பு. டிரைவர் சவ்வின் மேல் ஒரு முடி! அங்கிள் தலையிலிருந்து எத்தனை வருஷத்துக்கு முன் விழுந்ததோ. சாமணத்தால் எடுத்தேன், சத்தம் நின்றது. இந்த ஒன்றுக்காகவே 'ரிப்பேர்' என்று எழுதித் தள்ளிவிடும் பழைய ஹெட்ஃபோன்கள் நிறைய இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முழுவதும் கேட்பதுதான் வேலை.

அங்கிள் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். போன் ஏறக்குறைய 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அதில் 31 மில்லிவாட் போகும். 600 ஓமுக்கு 1.7 மில்லிவாட்தான். 2,000 ஓமுக்கு வெறும் 0.5. இந்தப் பழைய ஹெட்ஃபோன்கள் கேட்பது கூடுதல் வோல்ட்டேஜ். தாத்தாவின் ரிசீவரில் ஸ்பீக்கருக்குப் போகும் அதே சக்திதான் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஹெட்ஃபோன் துளைக்கும் வருகிறது. அதனால் இரண்டும் அங்கே நிமிர்ந்து பாடுகின்றன. ஒலியைப் பெருக்கத் தனியாக ஆம்ப் வாங்கும் செலவு இல்லை.

முதலில் லோட்டஸ் எஃப்எம், 414இல். 1983இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய நிலையம், ஆயாவின் சமையலறையில் ஓயாமல் ஓடியது. அறிவிப்பாளரின் மூச்சு, காகிதம் புரளும் ஒலி எல்லாம் கேட்டது. ஆனால் எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், எனவே மேல்ஸ்தாயியை அதை வைத்து எடைபோடக் கூடாது.

அப்புறம் இசைத்தட்டு. வீணையில் கமகம் இழுக்கும்போது தந்தி மெட்டின் மேல் உரசும் அந்தச் சின்னக் கீறல் ஒலி இருக்கிறதே, 414 அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. வயலினும் அப்படித்தான். கீழ்ச்சுருதி மெலிவு, தவில் அடி சப்பென்று இருக்கிறது. கே240இல் தவிலுக்கு வயிறு உண்டு. தம்புரா பின்னால் ஒரு பாய் விரித்த மாதிரி பரவுகிறது, நாகஸ்வரம் காதைக் குத்தவில்லை. உச்சத்தில் பளபளப்புக் கொஞ்சம் குறைவு. பாட்டுக்கு இதைத்தான் எடுப்பேன். பேச்சுக்கும் தனி வீணைக்கும் 414.

ஜூன் 28, சனி

414க்குப் புது மஞ்சள் ஃபோம் இங்கேயே ஒருவர் விற்றார், 120 ரேண்ட். பிளக் 35. ஆக, 414க்கு மொத்தம் 245. கே240க்குப் பேட் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கூரியரும் சுங்கமும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்தால் பேடின் விலையைத் தாண்டிவிடும். இப்போதைய பேட் கடினமாகிவிட்டது, கிழியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் போனில் கேட்டாள், "மாமா, எனக்கும் ஒண்ணு பாத்து வைங்க, 300 ரேண்டுக்குள்ள." அவளிடம் போனும் லேப்டாப்பும்தான். 600 ஓம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1984இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ 60 ஓம், போனிலேயே நன்றாக ஓடும், அதன் ஃபோமும் எளிதாகக் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை அம்பிலோவில் அதைத்தான் தேடப் போகிறேன், மீட்டர் பையில் இருக்கும்.