இடது ஒடிப்பு

2024 ஜூன் 9, ஞாயிறு

சாரல் விட்டதும் மாலை ஐந்து மணிக்கு, கல்லேறும் ரிமோட் வண்டியைக் கிணற்றடிக் கல்குவியலுக்குக் கொண்டுபோனோம். வலப்பக்கம் முழுவதுமாக ஒடிகிற முன்சக்கரம், இடப்பக்கம் பாதி வரை போய், அங்கே பல் நழுவும் சத்தத்தோடு மறுபடியும் நேராகிவிடுகிறது. மூன்று முறையும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு அப்பா ரிமோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தும் அவர் பார்வை அந்தக் கையை விட்டு நகரவில்லை.

ஜூன் 10, திங்கள்

எல்லாரும் உறங்கிய பிறகு, முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவைக் கழற்றிப் பிரித்தேன். அடிமூடியிலிருந்து மேல்மூடி வரை போகும் நான்கு நீண்ட திருகுகளை எடுத்தால் பெட்டி மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. மேலே வெள்ளை நைலான் பற்சக்கரங்கள், நடுவில் விரல்நுனி அளவு மோட்டார், அடியில் சர்க்யூட் பலகை. கடைசிச் சக்கரத்தில் ஒரு பக்கம் நான்கு பற்கள் இல்லை. அவை கிரீஸுக்குள் குருணை அரிசி போலக் கிடந்தன. ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன்.

ரிமோட்டின் சக்கரத்தைத் திருப்பும்போது வண்டியிலுள்ள ரிசீவர், நொடிக்கு ஐம்பது துடிப்புகளைச் சர்வோவுக்கு அனுப்புகிறது. ஒரு துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் சக்கரம் நேராக நிற்க வேண்டும்; அது 1 மில்லிநொடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிநொடியை நோக்கி நீண்டால் மறுபக்கமும் திரும்ப வேண்டும். தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்பதைத் தண்டின் அடியில் இருக்கும் சிறிய பொட்டென்ஷியோமீட்டர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க, சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் தீரும் வரை மோட்டார் ஓடுகிறது. நம் வண்டியில் கட்டளை சரியாகவே போகிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் ஓடிய மோட்டாரைப் பிடித்துக்கொள்ள அந்த இடத்தில் பல் இல்லை.

கையில் குறையில்லை, பல்லில்தான் குறை என்பதைக் காலையில் அவர் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

பற்களைக் காட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பல்லா? இத வச்சு எப்படிடா கல்லுல ஏத்துன?" என்று கேட்டார். ஏப்ரலில் கை தளர்ந்த பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 12, புதன்

உலோகப் பற்சக்கரம் உள்ள, 25 கிலோ சர்வோவுக்குச் சொல்லிவிட்டேன். விலை 1,450 ரூபாய். பழையது வெறும் 3 கிலோதான்.

இந்தக் கிலோ என்பது எடையன்று. தண்டின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எவ்வளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் என்ற கணக்கு. சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கை இரண்டு சென்டிமீட்டர் தள்ளியுள்ள துளையில் மாட்டினால் 25 கிலோ பன்னிரண்டரைக் கிலோவாகிவிடும், 3 கிலோ ஒன்றரைக் கிலோவாகிவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள நம் வண்டியின் எடை பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ. நான்கு சக்கரமும் இழுக்கும்போது, இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிய ரப்பர் டயரைத் திருப்ப ஒன்றரைக் கிலோ எந்த மூலைக்கும் போதாது. இதைத் தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படி முடிந்திருக்காது.

அப்பாவிடம் கணக்கைச் சொன்னபோது தலையசைத்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியில் வைக்கோல் லோடு ஏற்றிப் புளியரை எஸ் வளைவைக் கடந்தவருக்கு நெம்புகோல் கணக்கை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஸ்டியரிங் சக்கரம் அவ்வளவு பெரியதாக இருந்ததே அந்தக் கணக்கினால்தான். சீட்டிலிருந்து பாதி எழுந்து உடம்பின் பாரம் முழுவதையும் சக்கரத்தில் போட்டுத் திருப்புவார். பள்ளி விடுமுறையில் கிளீனர் இருக்கையில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 15, சனி

அப்பாவின் கைப்பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் போய்வந்தோம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போகும் பேருந்தில் அப்பாவுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும், ஓட்டுநர் திருப்புவதற்குச் சற்று முன்னதாகவே, மடியில் கிடந்த அவருடைய வலது மணிக்கட்டு அந்தப் பக்கமாக இலேசாக அசைந்தது. அவர் அதை அறிந்திருந்தாரா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண் மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பாகைமானியை வைத்து அளந்து குறித்துக்கொண்டார். இனி எப்போது வண்டி ஓட்டலாம் என்று அப்பா அவரிடம் மலையாளத்தில் கேட்டார். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், ரிமோட் வண்டியை நாளுக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து நிமிடம் ஓட்டச் சொன்னார். துப்பாக்கி போன்ற அந்த ரிமோட்டை இடது கையில் பிடித்து, விசையை இடது ஆட்காட்டி விரலால் அழுத்தி, பஞ்சு சுற்றிய சிறு சக்கரத்தை வலது கையால் திருப்ப வேண்டும். நமக்கு வேண்டிய வேலையை அந்தக் கைதான் செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டில் வண்டி சர்வோ இல்லாமல் கிடக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. கூரியர் கிடையாது.

ஜூன் 18, செவ்வாய்

வந்துவிட்டது, ஆனால் பொருத்த முடியவில்லை. தண்டின் மேல் மாட்டி டிராக் லிங்க்கை இழுக்கும் கைக்கு ஹார்ன் என்று பெயர். விற்பவர் போட்டிருந்த படத்தில் அலுமினிய ஹார்ன் ஒன்று இருந்தது, பெட்டியில் இல்லை. பழைய ஹார்னை மாட்டலாம் என்று பார்த்தால் அதன் உட்புறத்தில் 23 பற்கள், புதிய தண்டின் தலையில் 25. இரண்டு பல் வித்தியாசத்தை அழுத்தி ஏற்ற முடியாது. ஏற்றினால் பித்தளைத் தண்டு பிளாஸ்டிக் ஹார்னைச் சீவிவிடும். விற்பவருக்கு எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை.

பழைய ஹார்னோடு சேர்ந்திருந்த சர்வோ சேவரைக் கையில் வைத்துத் திருகிப் பார்த்தேன். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது; சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி பற்சக்கரத்துக்குப் போகாமல் வில் வளைந்துகொடுக்கும். வேகமாக ஓடித் தாவும் வண்டிக்கு அது மிகவும் தேவை. கல்லேறும் வண்டியில் அதே வில் திருப்பும் விசையையும் தின்றுவிடுகிறது; கை முழுவதும் திரும்பினாலும் சக்கரம் பாதியில் நின்றுவிடும். ஆகவே வில்லில்லாத அலுமினிய ஹார்ன், 25 பல், வேறொரு கடையில் சொல்லியிருக்கிறேன். இனிமேல் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வளைந்துகொடுக்கிற எதுவும் இருக்கக் கூடாது.

ஜூன் 20, வியாழன்

காலையிலிருந்து காற்று, மின்சாரம் இல்லை. அப்பா மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 22, சனி

ஹார்ன் வந்தது. முதலில் சர்வோவை எதிலும் மாட்டாமல் மின்சாரம் கொடுத்து, ரிமோட்டில் நடுநிலையை நகர்த்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, தண்டு தானாக நடுவுக்கு வந்து நிற்கும் வரை காத்திருந்தேன். அதன் பிறகே ஹார்னை மாட்ட வேண்டும். 25 பல் என்பதால் ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை மாறிவிடும். எத்தனை முறை மாட்டினாலும் டிராக் லிங்க்குக்குச் சரியான செங்குத்தில் அது உட்காரவில்லை. மிக நெருங்கி வந்த பல்லில் நிறுத்தி, மிச்சத்தை ரிமோட்டின் சப்-டிரிம்மில் சரிசெய்தேன். ஹார்ன் திருகு தளராமலிருக்க நீலத் திரெட்லாக் பசை ஒரு சொட்டு விட்டேன். பிளாஸ்டிக்கில் அது படக் கூடாது. பட்டால் நாளடைவில் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

தரையில் அருமையாகத் திரும்பியது. டயரைக் கட்டில் காலோடு முட்டவைத்து இடப்பக்கம் ஒடித்தேன். ஒரு நொடியில் வண்டி முழுவதும் செத்தது. ரிசீவர் விளக்கு அணைந்து, சிமிட்டி, மறுபடியும் எரிந்தது. மறுபடி ஒடித்தேன், மறுபடியும் அப்படியே.

அப்பா உள்ளறையில் விழித்திருந்தார். சத்தம் கேட்டிருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

காரணம் தெரிந்துவிட்டது. மோட்டாரை ஓட்டும் ஸ்பீட் கன்ட்ரோலருக்குள் பிஇசி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் பேட்டரியின் 7.4 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. நம்முடையது 2 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பழைய சர்வோவுக்கு அது தாராளம். புதியது கல்லில் சிக்கித் திரும்ப முடியாமல் திணறும் நொடியில் ஏறத்தாழ அந்த 2 ஆம்பியரையும் தானே விழுங்குவதால், வோல்ட் கீழே விழுந்து ரிசீவர் மூர்ச்சையாகிவிடுகிறது. மீட்டரை வைத்துக்கொண்டே ஒடித்தேன், 5.0 என்றிருந்த எண் 4க்குக் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

பலம் கூடிய உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு அதற்கு உணவு எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. மதுரை நண்பர் தம்மிடமிருக்கும் தனி பிஇசி ஒன்றை நாளை இரவுப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறார்.

ஜூன் 25, செவ்வாய்

அதிகாலையிலேயே பேருந்து நிலையத்தில் நின்று பொட்டலத்தை வாங்கிவந்தேன். தனி பிஇசியின் உள்ளீட்டுக் கம்பிகளைப் பேட்டரி பிளக்கில் பற்றவைத்து, வெளியீட்டை 6 வோல்ட்டில் வைத்து ரிசீவரில் செருகினேன். ஸ்பீட் கன்ட்ரோலரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மின்வழங்கிகளும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று எதிர்க்கும். பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் நிமிர்த்தியதும் சிவப்புக் கம்பி முனையோடு வெளியே வந்தது. டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டினேன்.

கட்டில் காலில் இருபது தடவை ஒடித்துப் பார்த்தேன். விளக்கு சிமிட்டவில்லை.

ஜூன் 26, புதன்

உறக்கமில்லை. ரிமோட்டின் மெனுவில் எக்ஸ்போ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் கையின் சிறிய அசைவுக்கே சக்கரம் பெரிதாகத் திரும்பும். அப்பாவின் மணிக்கட்டு திரும்பும் அளவை அந்தப் பெண் எழுதிய தாள் என்னிடமே இருக்கிறது. அந்த அளவுக்கே சக்கரம் ஏறத்தாழ முழுமையாக ஒடியும்படி வைத்துவிட்டால், நாளைக்கே அவர் அந்தக் கல்குவியலைச் சுற்றி இடப்பக்கமாக வந்துவிடுவார். முகம் எப்படி மலரும் என்று என்னால் பார்க்க முடிகிறது. ஒன்றரை மணி வரை அந்த எண்ணை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன்.

நாற்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்தவர் அவர். தாம் திருப்பியதைவிட வண்டி அதிகமாகத் திரும்பினால் முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காமல் போனால் அது இன்னும் மோசம். கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை வண்டி அவருக்குச் சொல்லவே சொல்லாது. இத்தனை நாள் பல் உடைந்த சர்வோ அவர் கையைக் குறைத்துக் காட்டியது. இனி நான் அதைக் கூட்டிக் காட்டக் கூடாது. எக்ஸ்போவைப் பூஜ்யத்தில் வைத்து ரிமோட்டை அணைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

முழு ஒடிப்பில் சர்வோ 'ங்ங்' என்று முனகிக்கொண்டே இருந்தது. அச்சு எல்லையில் இடித்த பிறகும் சர்வோ இன்னும் திருப்ப முயல்வதால் வரும் சத்தம் அது. அப்படியே விட்டால் சர்வோ மோட்டார் சூடேறி எரிந்துவிடும். இரண்டு பக்கத்து எல்லைகளையும் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, முனகல் நின்ற இடத்தில் விட்டேன். இடது 94, வலது 88. அறை அமைதியாக இருக்கிறது. அப்பாவின் மூச்சு கேட்கிறது.

ஜூன் 29, சனி

மழை நான்கு மணிக்கு விட்டது. கல் ஈரமாக இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

நாற்காலியைக் கிணற்றடியில் போட்டு உட்காரவைத்து, ரிமோட்டை இடது கையில் கொடுத்தேன். வலது கையை அவரே தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டார். விரல்கள் பஞ்சைப் பற்றச் சிறிது நேரம் பிடித்தது. வண்டி முதல் கல்லில் ஏறி, இரண்டு கல்லுக்கு நடுவே முன்டயர் சிக்கி நின்றது. அன்றைக்கு நின்ற அதே இடம். அவர் இடப்பக்கம் திருப்பினார். முழுவதும் அல்ல, கால்வாசி. டயரும் கால்வாசி திரும்பி, கல்லை நெட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சத்தமில்லை, நழுவவில்லை, நேராகத் திரும்பி வரவும் இல்லை. கை நின்ற இடத்தில் சக்கரம் நின்றது.

அவர் டயரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி டயரைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். டயரும் இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"கேக்குதுடா," என்றார்.

கல்குவியலைச் சுற்றிவர முடியவில்லை. அந்த அளவு ஒடிப்புக்குச் சுற்றுவட்டம் பெரிது. சுவரில் போய் முட்டியது. பின்னால் எடுத்து மறுபடி ஒடித்தார், மறுபடியும் முட்டியது. இருட்டும் வரை அவர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலை பத்து நிமிடம், மாலை இருபத்தைந்து நிமிடம். சுவருக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது. இரண்டாவது பேட்டரி வாங்க வேண்டும்.