வந்தவர் என்ன சொன்னார்?

நான் பார்க்கும் வேலைக்குப் பெயர் சாப்ளின். முதன்முதலில் இதைச் சொன்னபோது சித்தி போனில், "அவர் சிரிக்க வைக்கிறவராச்சே, ஆஸ்பத்திரியில உனக்கு அந்த வேலை எப்படி?" என்று கேட்டார். அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. நோயாளிக்கு எந்த மதமாக இருந்தாலும், மதமே இல்லாவிட்டாலும், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பிரார்த்தனை செய்யச் சொன்னால் செய்வேன். சொல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நான் சேர்ந்திருப்பது யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சபை. யூனிட்டேரியன், யூனிவர்சலிஸ்ட் என்ற இரண்டு பழைய சபைகள் 1961-ல் ஒன்றாகி வந்தது இது. இதைத்தான் நம்பியாக வேண்டும் என்ற விசுவாசப் பிரமாணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் நாத்திகர், புத்த தியானம் பழகுகிறவர், இயேசுவைக் கும்பிடுகிறவர் எல்லோரும் இருப்பார்கள். பகுத்தறிவில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் ஒரு வேடிக்கை: எங்கள் சபையில் "கடவுள் இல்லை" என்று சொல்ல எந்தத் துணிச்சலும் வேண்டாம். "செத்துப்போன என் மனைவி நேற்று ராத்திரி வந்தாள்" என்று சொல்லத்தான் துணிச்சல் வேண்டும்.

அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்பதை நெருங்கிய ஓய்வுபெற்ற இன்ஜினியர், எங்கள் மாதிரி சபை ஒன்றில் பல வருட உறுப்பினர். இதய வால்வு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். வெளியே யாருடைய காலடியோ போய் மறையும்வரை பேசவில்லை.

மனைவி இறந்து எட்டு மாதம். வீட்டில் விடிகாலை மூன்று மணி வாக்கில் மெத்தையின் அந்தப் பக்கம் அமுங்குகிறதாம். "ஒருத்தர் வந்து உட்கார்ந்தா எப்படி இருக்கும், அப்படி." முதல் தடவை பயந்தார். இரண்டாவது தடவை யோசித்தார். மறுநாள் ஷெட்டிலிருந்து, துளி சரிந்தாலும் உள்ளே குமிழ் நகர்ந்து காட்டும் ரசமட்டத்தை எடுத்து வந்து, அவள் பக்கத்து மெத்தையில் ஒரு சின்னப் பலகையைப் போட்டு அதன்மேல் வைத்தார். கையில் டார்ச்சோடு விழித்திருந்தார்.

"குமிழ் நகரவே இல்லை" என்றார். "ஆனா அவ வந்தா."

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். "இது ரொம்ப சகஜம். 1971-லேயே வேல்ஸில் ஒரு டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இப்படி இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் யாரிடமும் சொன்னதே இல்லை" என்றேன். எல்லாம் உண்மை. டெவி ரீஸ் என்ற அந்த டாக்டரின் கட்டுரை, இந்த வேலைக்கு வருகிறவர்கள் சீக்கிரமே படிக்கிற ஒன்று. ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவர், "ஓ, பாதிப் பேரா?" என்று கேட்டுவிட்டு ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். பயிற்சியில், நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி எழுதிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்த முறைப் பயிற்சியை 1925-ல் இதே மாநிலத்தில், வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். அவரே 1920-ல் மனநோயாளியாக அடைபட்டுக் கிடந்தவர். புத்தகத்தைப் படிப்பதுபோல் மனிதரைப் படிக்க வேண்டும் என்றார். பைத்தியத்தில் கண்ட காட்சியிலும் படிக்க ஏதோ இருக்கிறது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் நான் எழுதிய தாளை வாங்கி, ரீஸ் வரும் வரியின் கீழ் கோடு போட்டார். "நிஜமா பொய்யா என்று அவர் உன்னைக் கேட்டாரா? அதைத்தான் அவரே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டாரே. நீ ஏன் மறுபடி வைக்கிறாய்?"

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் எங்கள் சபைகளுக்கு இந்த விஷயம் புதிதில்லை. 1848-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவிகள் தட்டிப் பேசுவதாகச் சொன்ன பிறகு, யூனிவர்சலிஸ்ட் போதகர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். ஜான் மர்ரே ஸ்பியர் என்பவர் 1853-ல் மசாசூசெட்ஸின் லின் ஊரில், ஆவிகள் சொன்னபடி ஒரு இயந்திரமே கட்டினார். அது ஓடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 1888-ல் மார்கரெட் ஃபாக்ஸ், அந்தத் தட்டுச் சத்தம் எங்கள் கால்விரல் மூட்டில் எழுப்பியதுதான் என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமே இல்லை என்று மறுத்தார். இப்படியெல்லாம் சூடுபட்ட பூனை, பாலைக் கண்டாலே ஒதுங்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1980-களில் சபை தன் நம்பிக்கைக்கான ஊற்றுகளைப் பட்டியலிட்டபோது, முதலில் எழுதியது மறைபொருளையும் வியப்பையும் நேரடியாக அனுபவிப்பதைத்தான். ஏட்டில் முதல் இடம், காபி நேரப் பேச்சில் கடைசி இடம்.

குணமாக்கும் பிரார்த்தனையில் எனக்கு இந்த அளவு தாராளம் இல்லை. சபையில் மாதம் ஒருமுறை ஒரு வட்டம் கூடும். ரெய்கி என்ற, கை வைத்துக் குணமாக்கும் ஜப்பானிய முறையைப் பழகியவர்கள் கை வைப்பார்கள். கையால் உடலின் சக்தியை உணர முடியும் என்பவர்களை எமிலி ரோசா என்ற பெண், தன் ஒன்பது வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு, அதன் கீழே கைகள். தன் எந்தக் கைக்கு மேல் அவளுடைய கை இருக்கிறது என்று 21 பேர் 280 முறை சொன்னதில் சரியானது 44 சதவீதம். நாணயம் சுண்டினாலே பாதி வரும். 1998-ல் இது பெரிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அதற்காக வட்டத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஒரு கை தோளில் இருக்கும்போது மூச்சு மெதுவாவதைப் பார்த்திருக்கிறேன், அது போதும். ஆனால் மருந்தைக் குறைக்கச் சொல்லி ஒருவர் நோயாளியிடம் கிசுகிசுத்தது தெரிந்த அன்று, நேராக நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

"உங்களுக்காக நாங்க எல்லாரும் பிரார்த்திக்கிறோம்" என்று முந்திக்கொண்டு சொல்வதையும் விட்டுவிட்டேன். இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. பிரார்த்தனை நடந்தும் அது தெரியாதவர்களில் 52. நடக்காதவர்களில் 51. ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. "ஊரே வேண்டிக்குது. நான் எழுந்திருக்கலைன்னா அவங்க முகத்தில எப்படி முழிப்பேன்?" இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்: "வேண்டிக்கொள்ளட்டுமா? என்னவென்று வேண்டிக்கொள்ள?"

சரி, இன்ஜினியருக்கு வருகிறேன். மறுநாள் போனேன். "நேற்று நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை" என்றேன். அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வந்து என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பா." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "கோபமெல்லாம் இல்ல. ஷூவைக் கழற்ற அவ அப்படித்தான் உட்காருவா. ஐம்பது வருஷமா." அப்புறம் முக்கால் மணி நேரம் அந்த ஷூக்களைப் பற்றிப் பேசினார். எந்தக் கடையில் வாங்கியது, இடது கால் எப்படித் தேயும், இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது. இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார்களா என்று கேட்டேன். "இந்தக் கட்டிலைப் பாருங்க, எங்க உட்காருவா?" என்றார்.

வீட்டுக்குப் போகிற அன்று சக்கர நாற்காலியில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். ரசமட்டம் இன்னும் மெத்தை மேலேயேதான் இருக்கிறதாம்.

"எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஏன்?"

"அவ பாட்டுக்கு அதுமேல உட்கார்ந்துட்டா குத்துமே."