சிகரத்தில் ஒரு சதுர மீட்டர்

மலையேறி உச்சியைத் தொடுவது பெரிய காரியமில்லை. முன்பு செடிகளைக் கணக்கெடுத்த பழைய ஆய்வுச் சதுரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி காலைப்பொழுது போய்விடும்.

க்ளோரியா என்ற உலகளாவிய மலைத்தாவரக் கண்காணிப்பில், உச்சிக்கு 5 மீட்டர் கீழே நான்கு திசைகளிலும் 3×3 மீட்டர் கட்டம் போடுவார்கள். மூலைகளில் சிறு அலுமினியக் குழாய்கள். சில ஆண்டுகள் கழித்துப் போனால், உறைபனி மண்ணை உப்பவைத்துக் குழாய்களை வெளியே தள்ளியிருக்கும். மேய்ச்சல் இருந்தால் ஆடுமாடுகள் சாய்த்திருக்கும். கையடக்க ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், இந்த வேலைக்கு உதவாது. பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாறை விரிசலை விரிசலோடு பொருத்திப் பார்ப்பதே நம்பகமானது. திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கா, வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்கா என்பதைப் பழைய படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் கட்டமே வேறு இடத்தில் விழும்.

கட்டத்தின் நான்கு மூலைச் சதுர மீட்டர்களில் மட்டுமே கணக்கெடுப்பு. நடுச் சதுரத்தில் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பப் பதிவி புதைந்திருக்கும். மீதி நான்கில்தான் கால் வைக்கலாம். முழங்காலை ஊன்ற நுரைப்பாய் எடுத்துப் போவது நல்லது. கூரான கல்லிலிருந்து உங்களையும் காக்கும், உங்கள் எடையிலிருந்து செடியையும் காக்கும்.

எதையும் தொடுமுன் நேர்மேலிருந்து படம் எடுத்துவிட வேண்டும். வெயில் சுள்ளென்று அடித்தால் குடையால் சதுரம் முழுவதையும் நிழலாக்குங்கள். பாதி நிழல் விழுந்த படத்தில் புல்லும் தெரியாது, பாசியும் தெரியாது. பிறகு ஒவ்வோர் இனமும் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்ற மதிப்பீடு. 10×10 செ.மீ. என்றால் 1 சதவீதம். ஏறத்தாழ 3×3 செ.மீ. என்றால் 0.1. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால் பதற வேண்டாம். பூக்காத புற்களும் கோரைகளும்தான் சோதிப்பவை. பெயர் தெரியாததைச் சதுரத்துக்குள் பறிக்கவே கூடாது; வெளியே அதே செடியைத் தேடி எடுத்து, காகிதத்துக்கு நடுவே அழுத்தி வைக்க வேண்டும். அவசரத்தில் ‘ஏதோ ஒரு புல்’ என்று எழுதினால் அடுத்த குழு அதைப் புதுவரவு என்றோ அழிந்தது என்றோ எண்ணிவிடும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. 2001இலும் 2008இலும் 17 ஐரோப்பிய மலைத்தொடர்களின் 60 சிகரங்களை ஒப்பிட்டபோது, வெப்பம் விரும்பும் செடிகளின் பக்கம் தாவரக் கூட்டம் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஒரே சிகரத்தில் பார்த்தால் அது மிகச் சிறிய சாய்வு. இரண்டு பேர் கண்களுக்கு இடையிலான வித்தியாசமே அதை விழுங்கிவிடக்கூடும். அதனால் ஒருவர் மதிப்பிட்டதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அடுத்த சதுரத்துக்கு நகர்கிறார்கள்.

பிற்பகலில் இடிமேகம் கூடினால் விவாதமே இல்லை, இறங்க வேண்டியதுதான். முடியாத சதுரத்தின் படிவத்தில் ‘பாதி’ என்று பெரிதாக எழுதுங்கள். படிவத்தில் வெற்றாக விட்ட இடத்தைப் பின்னால் யாராவது பூஜ்யம் என்று தட்டச்சு செய்துவிடுவார்கள்.